எரிப்பதற்காகக் கட்டிய வைக்கோல் பெண்: ஒரு மஸ்லெனித்சா செய்முறைப் பதிவு

பெருநோன்புக்கு முந்தைய ரஷ்ய விழா வாரமான மஸ்லெனித்சாவுக்கான வேலை இதுதான். இரண்டரை மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வைக்கோலால் ஒரு பெண்ணுருவம் கட்ட வேண்டும். திங்கட்கிழமை வெட்டவெளியில் நட்டால் ஞாயிறு வரை காற்றுக்கும் பனிக்கும் சாயாமல் நிற்க வேண்டும். தீ வைத்ததும் நின்ற நிலையிலேயே எரிந்து முடிய வேண்டும். பாதியில் கவிழ்ந்தாலோ, எரியாமல் புகைந்துகொண்டு கிடந்தாலோ அடுத்த ஆண்டு வரை ஊரில் அதுதான் பேச்சு.

ஊர் என்றால் ரஷ்யாவில், யாரோஸ்லாவ்லிலிருந்து ரீபின்ஸ்க் போகும் சாலையை ஒட்டிய ஒரு சிறிய கிராமம். யாரோஸ்லாவ்லில் என்னோடு வேலை பார்ப்பவரின் பெற்றோர் அங்கே இருக்கிறார்கள். தந்தை எழுபதைத் தாண்டிய தச்சர். கிராமத்தின் மஸ்லெனித்சா பொம்மையைக் கட்டும் பொறுப்பு பல ஆண்டுகளாக அவர் தலையில்தான். முழங்கால் வலி வந்ததால் ஏணி ஏற ஆள் வேண்டும் என்று மகனிடம் கேட்டிருக்கிறார். மகனுக்கு உயரம் என்றால் பயம். அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. அவரைத் தாத்தா என்றும் அவர் மனைவியைப் பாட்டி என்றும்தான் கூப்பிட்டேன். இங்கும் வயதானவர்களை அப்படிக் கூப்பிடுவதில் யாருக்கும் வருத்தமில்லை.

மஸ்லெனித்சா என்பது ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியில் பெருநோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம். அதன் கடைசி ஞாயிற்றிலிருந்து சரியாக 49ஆம் நாள் ஈஸ்டர். ஈஸ்டர் ஆண்டுதோறும் நகர்வதால் இந்த வாரமும் நகரும். 2024-இல் மார்ச் 11 முதல் 17 வரை வந்தது. 2025-இல் பிப்ரவரி 24 முதல் மார்ச் 2 வரை. 2026-இல் பிப்ரவரி 16 முதல் 22 வரை. பொம்மை கட்டுபவனுக்கு இந்தத் தேதிக் கணக்கு வெறும் தகவல் இல்லை. பிப்ரவரியில் வந்தால் அடித்தளத்தைப் பனிக்கட்டியால் இறுக்கிவிடலாம். மார்ச் நடுவில் வந்தால் பகலில் உருகி இரவில் உறையும். பொம்மை நாளுக்கு நாள் சாயும். எங்களுக்கு வாய்த்தது பிப்ரவரி மஸ்லெனித்சா. பாதிக் கவலை அப்போதே தீர்ந்தது.

எரிக்கப்போகிற பொருளுக்கு எதற்கு இவ்வளவு நேர்த்தி என்று ஆரம்பத்தில் எனக்குத் தோன்றியது. தாத்தா சொன்ன கணக்கு வேறு. நாற்காலி செய்தால் உட்காருபவன் எப்படி உட்காருவான் என்று யோசித்துச் செய்ய வேண்டும். இந்தப் பொம்மையில் உட்காரப்போவது நெருப்பு. அது எங்கே நுழையும், எந்த வழியாக மேலேறும், எதை முதலில் அறுக்கும் என்று யோசித்துத்தான் ஒவ்வொரு முடிச்சையும் போட வேண்டும்.

முதல் தொல்லை வைக்கோலிலேயே வந்தது. பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து கோதுமை வைக்கோல் உருளைக்கட்டு ஒன்று வந்து இறங்கியிருந்தது. மேலே பார்க்கப் பொன்னிறம். கையை முழங்கை வரை உள்ளே விட்டால் சூடில்லாத ஈரம்; வெளியே எடுத்தால் விரலில் சாம்பல் நிறப் பூஞ்சை. இலையுதிர்கால மழையில் மூடாமல் போட்டிருக்கிறார்கள். அது மட்டுமில்லை, அறுவடை இயந்திரத்தில் அடிபட்டு வந்த வைக்கோல் குட்டையாகவும் நசுங்கியும் இருந்தது. அப்படிப்பட்டதைச் சாக்கில் திணிக்கலாம், கற்றையாகக் கட்ட முடியாது. கட்டினாலும் ஒருபுறமாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

பாவாடைக்கு வேண்டியது ரை வைக்கோல். ரை நெட்டையாக வளரும் பயிர். கையால் அரிந்ததானால் தண்டு உடையாமல் ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கும். ஊரில் ஒருவர் தேனீப்பெட்டிகளைக் குளிருக்கு மூடுவதற்காகச் சிறிய பாத்தியில் ரை விதைத்து அரிவாளால் அறுத்துப் பரணில் வைத்திருந்தார். ஒரு பெரிய ஜாடி தக்காளி ஊறுகாய்க்கு அது கைமாறியது. பேரம் பேசியது பாட்டி.

உருளைக்கட்டில் ஈரமில்லாத வெளிப்பகுதியை மட்டும் உரித்தெடுத்துக் கொட்டகையில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டோம். கட்டைச் சுற்றியிருந்த நீல நிறப் பிளாஸ்டிக் கயிற்றைத் தாத்தா துண்டு விடாமல் பொறுக்கினார். எரியும்போது அது உருகிச் சொட்டும். சொட்டுகிற இடம் ஒரு குழந்தையின் கோட்டாக இருக்கலாம். அன்றைக்கே சட்டம் போட்டார்: பிளாஸ்டிக் கூடாது, ஆணி கூடாது, கம்பி கூடாது, டீசல் கூடாது.

டீசல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சோவியத் காலத்தில் மதச் சாயல் தெரியாமலிருக்க இந்தக் கொண்டாட்டத்துக்கு 'ரஷ்யக் குளிர்காலத்தை வழியனுப்புதல்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். நோன்புக் கணக்கிலிருந்து கழற்றி, பெரும்பாலும் மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் நடத்தினார்கள். தாத்தா பொம்மை கட்டப் பழகியது கூட்டுப்பண்ணையின் அந்த விழாக்களில்தான். பழைய டயர், ஈர வைக்கோல், மேலே ஒரு வாளி டீசல். "எரிந்தது, ஆனால் ஊரே கரி பூசிக்கொண்டது" என்றார். பெயர் மாறினாலும் பிளினி என்னும் மெல்லிய அப்பங்களைச் சுடுவதை மட்டும் எந்தக் கமிட்டியும் நிறுத்த முடியவில்லை என்று பாட்டி இடையில் சேர்த்துக்கொண்டார்.

இனி சட்டகம். நடுத்தண்டுக்கு நன்றாகக் காய்ந்த ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் கழி, 3.5 மீட்டர் நீளம், அடிப்பகுதி மணிக்கட்டுப் பருமன். கைகளுக்குக் குறுக்கே 1.6 மீட்டர் கழி. இரண்டும் கூடும் இடத்தில் தண்டிலும் குறுக்குக்கழியிலும் பாதிப் பாதி ஆழத்துக்கு வெட்டுவாய் எடுத்து, ஒன்றினுள் ஒன்று உட்காரும்படி பொருத்தினோம். தாத்தா கோடரியின் நுனியைக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உளிபோல அதைச் சீவினார். நான் உளி கேட்டபோது, கையில் இருப்பது என்ன என்பதுபோல் பார்த்தார். பொருத்திய பின் சணல் கயிற்றைப் பெருக்கல் குறியாகச் சுற்றி, கடைசியில் இரு கழிகளுக்கு நடுவே குறுக்காகச் சுற்றி இறுக்கினோம். அந்தக் கடைசிச் சுற்றுதான் முழு இறுக்கத்தையும் தருகிறது.

ஆணி ஏன் கூடாது? பொம்மை நிற்பது வசந்தத்தில் மாடு மேயும் இடம். எரிந்து முடிந்தபின் ஆணி பனிக்குள் புதைந்துவிடும். மே மாதம் குளம்பிலோ டிராக்டர் டயரிலோ வெளிவரும்.

பாவாடைதான் இந்த வேலையின் மூளை. பெரும்பாலும் படங்களில் பார்க்கும் பொம்மைகளில் வைக்கோலைத் தண்டோடு சேர்த்து இறுகக் கட்டியிருப்பார்கள். பார்க்கத் திரண்டு அழகாக இருக்கும். ஆனால் உள்ளே காற்று போகாது. மேல்தோல் கருகி, நடுவில் கனிந்துகொண்டே கிடக்கும். தாத்தாவின் பொம்மைக்குள் வெற்றிடம் உண்டு. வில்லோக் குச்சிகளை வளைத்து மூன்று வளையங்கள்: இடுப்புக்குச் சிறியது, நடுவில் ஒன்று, கீழே ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டத்தில் பெரியது. உறைந்த குச்சியை அப்படியே வளைத்தால் படீரென்று முறியும். பான்யா என்னும் நீராவிக் குளியலறையின் வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் சொன்னபடி வளையும். வளையங்களைத் தண்டிலிருந்து கயிற்றால் தொங்கவிட்டு, ரைக் கற்றைகளை இடுப்பு வளையத்தில் மட்டும் கட்டி, கீழே விரிய விட்டோம். மற்ற இரண்டு வளையங்களும் கற்றைகளை உள்ளே சரியாமல் தாங்கிக்கொள்ளும். ஆக, பாவாடைக்குள் கீழே அகன்று மேலே குறுகும் ஒரு புகைபோக்கி. கீழே வைக்கும் நெருப்பு காற்றை உறிஞ்சிக்கொண்டு நேராக மார்புக்கும் தலைக்கும் ஏறும்.

கற்றை கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இரு கைப்பிடிக்கு அடங்கும் அளவு வைக்கோலை எடுத்து, அடித்தண்டுகளைத் தரையில் தட்டிச் சமப்படுத்த வேண்டும். கதிர்முனையிலிருந்து ஒரு சாண் கீழே சணல் கயிற்றால் மூன்று சுற்று. சுற்றும்போது கற்றையை முழங்காலால் அழுத்தினால்தான் இறுகும். கட்டிய பின் ஒரு தண்டைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். உருவிக்கொண்டு வந்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான். தண்டின் அடிப்பக்கம் கீழே வருமாறு தொங்கவிட்டால் பாவாடை தானாக விரிந்து நிற்கும்.

மார்புக்கும் கைகளுக்கும் உருளைக்கட்டின் குட்டை வைக்கோல் போதும். பழைய பருத்திச் சட்டைக்குள் திணித்துக் குறுக்குக்கழியில் மாட்டிவிட்டோம். தலை ஒரு தலையணையுறை.

உடுத்தும் துணியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பாட்டி வேலைக்குள் வந்தார். வந்தது விருப்பத்தோடு இல்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிறவர் அவர். இந்த வாரம் தேவாலயக் கணக்கில் 'பாலாடைக்கட்டி வாரம்'. இறைச்சி முந்தைய ஞாயிறோடு நின்றுவிடும். பால், முட்டை, வெண்ணெய், மீன் இன்னும் ஏழு நாளைக்கு உண்டு. பிறகு அவையும் நின்றுவிடும். இதில் பொம்மைக்கு எங்கே இடம் என்பது அவர் கேள்வி. அது கிறிஸ்தவத்துக்கு முந்தைய அஞ்ஞானம் என்று பாதிரியார் சொல்கிறாராம். தாத்தா பதில் சொல்லவில்லை. சரஃபான் என்னும் கையில்லாத நீள அங்கி ஒன்றும் தலைத்துணியும் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பாட்டி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியின் ஓரத்திலிருந்தும் ஒரு நூலை உருவினார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து, ஊதினால் பறக்கும் வெண்சாம்பலானது. கம்பளி நூல் தயங்கித் தயங்கி எரிந்து, முடி கருகும் நாற்றம் விட்டது. ரோஜாப் பூப் போட்ட பளபளப்பான தலைத்துணியின் நூல் சுருங்கி ஓடி, முனையில் கறுப்பு மணியாகத் திரண்டு கெட்டியாயிற்று. அது செயற்கை இழை. "இது வேண்டாம்" என்று அதைத் திரும்ப மடித்து வைத்தார். அந்தத் துணி தப்பித்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். சாயம்போன சிவப்புப் பருத்தி மேசைவிரிப்பு சரஃபானாகியது. நீலப் புள்ளித் துணி தலைக்கு.

முகத்தைக் கரிக்கட்டியால் வரைந்தது பேத்தி. புருவம், பெரிய கண்கள், சிரிக்கும் வாய். பீட்ரூட் வெட்டித் தேய்த்துக் கன்னம். கடைகளில் விற்கும் பொம்மைகளுக்குக் கோரமான கிழவி முகம் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மஸ்லெனித்சா விருந்தாளி, திங்கட்கிழமைக்கே 'எதிர்கொள்ளல்' என்றுதான் பெயர். கொழுத்த கன்னமும் சிரிப்புமாக வந்து, எல்லாரையும் தின்னவைத்து, போகிற நாளில் எரிகிறாள்.

நடும் வேலையை முந்தைய வாரச் சனி மாலையே தொடங்கிவிட்டோம். தரை கல்லாக இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டால் பொறிதான் பறக்கும். ஆகவே குழி வெட்டும் பேச்சே இல்லை. தண்டை நிறுத்தி, மூன்று பக்கமும் குட்டைக் கழிகளால் முட்டுக்கொடுத்து, சுற்றிலும் பனியைக் கொட்டி மிதித்தோம். ஒரு சாண் உயரத்துக்கு மிதித்ததும் பூவாளியால் தண்ணீர். மறுபடி பனி, மறுபடி தண்ணீர். தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் அடியில் ஓடி வெளியே உறைந்து, பனி மட்டும் தளர்வாகவே இருக்கும். அடுக்கடுக்காக நனைத்தால்தான் மேடு முழுவதும் ஒரே கட்டியாகும். தொடை உயரத்துக்கு எழுப்பிவிட்டு வந்தோம். இரவு முழுக்க நல்ல உறைபனி. காலையில் தண்டைப் பிடித்து முழு உடம்பாலும் தள்ளினேன். அசையவில்லை. பிறகுதான் ஏணி வைத்து வளையம், கற்றை, சட்டை, தலை என்று ஒவ்வொன்றாக ஏற்றினோம்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரஷ்யத் தீயணைப்பு விதிகள் திறந்த நெருப்புக்கும் கட்டடங்களுக்கும் இடையே 50 மீட்டர் கேட்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பு முற்றங்களில் இந்தப் பழக்கம் குறைந்துவருவதில் வியப்பில்லை. எங்கள் மேடு ஊர்க்கோடி வீட்டிலிருந்து அதைவிட அதிக தூரத்தில், பனி மூடிய புல்வெளியின் நடுவே. ஊராட்சிக்குத் தகவல் சொல்லும் வேலை சக ஊழியருடையது. உயரம்தான் பயம், தொலைபேசி பயமில்லை.

திங்கள் முதல் புதன் வரை 'குறுகிய' மஸ்லெனித்சா. அப்போது வேலைகள் வழக்கம்போல் நடக்கலாம். வியாழன் தொடங்கினால் 'அகன்ற' மஸ்லெனித்சா. பழைய காலத்தில் வேலையே கிடையாது. புதனன்று மருமகன் மாமியார் வீட்டுக்குப் பிளினி சாப்பிடப் போக வேண்டும். வெள்ளியன்று மாமியார் மருமகன் வீட்டுக்கு வருவார். சனியன்று நாத்தனார்கள் கூடுவார்கள். எங்கள் பாட்டியின் மருமகன் புதனன்று வேலையில் மாட்டிக்கொண்டு சனியன்று வந்து, மூன்று நாள் கணக்கையும் சேர்த்துத் தின்றார்.

பிளினியையும் இந்தப் பதிவில் சேர்க்காமல் முடியாது. கட்டுகிற கையைவிடச் சுடுகிற கை அதிகம் கற்றுக்கொண்டது. பாட்டியின் மாவு ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பது. அரை லிட்டர் பால், 150 கிராம் பக்வீட் மாவு, 150 கிராம் கோதுமை மாவு, 5 கிராம் உலர் ஈஸ்ட், 2 முட்டை, 40 கிராம் வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. வெதுவெதுப்பான பாலில் ஈஸ்டையும் சர்க்கரையையும் கரைத்து, பக்வீட் மாவை மட்டும் கலந்து, அடுப்பருகே ஒரு மணி நேரம். பொங்கி, நடுவில் குழி விழத் தொடங்கும் நேரத்தில் மஞ்சள்கரு, உருக்கிய வெண்ணெய், உப்பு, கோதுமை மாவு. மறுபடி பொங்கியதும், கொதித்து இறக்கிய பால் 100 மில்லியை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே கிளற வேண்டும். கடைசியாக, நுரைக்க அடித்த வெள்ளைக்கரு. அதன்பின் கரண்டியைப் பாத்திரத்தின் ஓரமாக இறக்கி மொண்டு எடுக்கலாம்; கலக்கக் கூடாது. கலக்கினால் ஒரு மணி நேரமாகச் சேர்ந்த குமிழெல்லாம் போய்விடும்.

இரும்பு வாணலியில் எண்ணெய் தடவ, பாதி உருளைக்கிழங்கை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிறார்கள். தோசைக்கல்லில் பாதி வெங்காயம் செய்கிற அதே வேலை. ஆண்டின் மற்ற நாட்களில் பாட்டி தடவுவது பன்றிக் கொழுப்பு. இந்த வாரத்தில் அது இறைச்சிக் கணக்கில் போய்விடுவதால் கிழங்கு. அங்கேயே தோசையோடு உறவு முடிந்தது. கரண்டியின் முதுகால் மாவைச் சுழற்றித் தேய்க்கப் போன என் கையைப் பாட்டி பிடித்து நிறுத்தினார். வாணலியைத்தான் சாய்த்துச் சுழற்ற வேண்டும், மாவு தானே ஓட வேண்டும். மேற்புறம் பளபளப்புப் போய், துளைகள் மூடாமல் நின்றால் திருப்பலாம். சுட்டதும் வெண்ணெய் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணி போட்டு மூடினால் ஓரங்கள் மென்மையாகும். தொட்டுக்கொள்ளப் புளித்த பாலேடான ஸ்மெதானா, உப்பிட்ட மீன், தேன், நெல்லிக்காய்ப் பதத்தில் புளிக்கும் ஏதோ ஒரு காட்டுப்பழ ஜாம்.

தொலைக்காட்சியில் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்கள்: பிளினி வட்டமாக, பொன்னிறமாக, சூடாக இருப்பதால் அது சூரியனின் சின்னம் என்று. பாட்டி அதைக் கேட்டுச் சிரித்தார். இறந்தவர்களுக்கான விருந்திலும் பிளினிதான் சுடுகிறோம், அப்போது எந்தச் சூரியன் என்றார். முதல் பிளினியைச் சன்னல் விளிம்பில் முன்னோர்களுக்கு வைப்பது பழைய வழக்கம். அவருடைய தாயார் வைத்திருக்கிறார். சூரியக் கதை 19ஆம் நூற்றாண்டுப் புராண ஆய்வாளர்களிடமிருந்து பரவியது. எனக்குப் பாட்டியின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

வெள்ளியன்று நகரத்துக்குப் போய்வந்தேன். தன்னை 'நாட்டின் முதன்மை மஸ்லெனித்சா' என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும் யாரோஸ்லாவ்லில் மேடை, ஒலிபெருக்கி, சறுக்குமேடு, வரிசையாகத் தேநீர்க் கடைகள். வழவழப்பான கம்பத்தில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு ஏறும் ஆண்கள், உச்சியில் பரிசு. அங்கே நிற்கும் நாடக அரங்கு ஃபியோதர் வோல்கவின் பெயரைத் தாங்கியது. ரஷ்ய நாடகத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் அவர் 1763-இல், இரண்டாம் கேத்தரினின் முடிசூட்டையொட்டி மஸ்லெனித்சா வாரத்தில் மாஸ்கோ தெருக்களில் பெரிய முகமூடி ஊர்வலம் நடத்தினார். குளிரில் நின்று மேற்பார்வை பார்த்ததில் நோய் கண்டு, அந்த ஏப்ரலிலேயே இறந்தார். நானும் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சனி இரவு லேசாகப் பனி பெய்தது. ஞாயிறு காலை தாத்தா முதலில் செய்தது, துடைப்பக்கட்டையால் பொம்மையின் தோள்மேலும் பாவாடைமேலும் படிந்த பனியைத் தட்டியதுதான். பனி தானாகக் கெடுதல் செய்யாது. வெயிலில் உருகி வைக்கோலுக்குள் இறங்கினால்தான் வம்பு. பிறகு பாவாடைக்குள் எரிபொருள் வைத்தோம். கீழே பிர்ச் மரப்பட்டைச் சுருள்கள், அவற்றின்மேல் கூம்பாக உலர்ந்த பிர்ச் சுள்ளி. பிர்ச் பட்டையில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஈரமாக இருந்தாலும் பற்றிக்கொண்டு கரும்புகையோடு நின்று எரியும். டீசல் செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது; முகத்தில் குப்பென்று வெடிக்காது. பிள்ளைகள் காகிதத் துண்டுகளில் எதையோ எழுதிப் பாவாடைக்குள் செருகினார்கள். கணிதம் என்ற சொல்லை ஒரு துண்டில் பார்த்தேன்.

காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. காற்று வரும் பக்கத்தில் பாவாடையின் இரண்டு கற்றைகளை விலக்கி ஒரு வாய் திறந்துவைத்திருந்தோம். அங்கேதான் தீ வைக்க வேண்டும். வைப்பவன் முதுகில் காற்று, நெருப்பு அவனைவிட்டு விலகி உள்ளே போகும். கூட்டத்தைப் பக்கவாட்டில் நிறுத்தினோம். காற்றுப் போகும் திசையில் ஒருவரும் இல்லை. பொறி பறந்து விழுவது அங்கேதான். இரண்டு வாளி தண்ணீரும் மண்வெட்டியும் தயார்.

தாத்தா நீளக் குச்சியில் சுற்றிய பிர்ச் பட்டையைக் கொளுத்தி என்னிடம் கொடுத்தார். வாயில் வைத்ததும் சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே உறுமல்போல் ஒரு சத்தம், காற்று இழுபடும் சத்தம். பாவாடையின் வெளிப்புறம் இன்னும் பொன்னிறமாகவே இருக்க, கழுத்தோரத்தில் புகை கிளம்பியது. தலைத்துணி ஒரே மூச்சில் போனது. அதன்பின்தான் பாவாடை கீழிருந்து பிடித்தது. கைகள் எரிந்து விழுந்தன. தண்டு மட்டும் கறுத்து நின்றது, சாயவில்லை. பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. நல்ல வைக்கோலின் புகை வெள்ளையாக, மெல்லியதாக இருந்தது. உருளைக்கட்டுக்காரர் கூட்டத்தில் நின்றுகொண்டு, வைக்கோல் எப்படி என்று கேட்டார். மேல்தோல் பிரமாதம் என்றார் தாத்தா.

பெண்கள் பாடினார்கள், யாரோ அக்கார்டியன் வாசித்தார், இளைஞர்கள் தணலைத் தாண்டக் கிளம்பியபோது சக ஊழியர் விரட்டினார். வெப்பத்தில் மேட்டின் உச்சி உருகிக் கிண்ணமாகியிருந்தது; அடியில் பனிக்கட்டி அசையாமல் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆறிய சாம்பலை வாளியில் அள்ளிக் காய்கறித் தோட்டத்துப் பனிமேல் தூவினார் தாத்தா. பீட்ரூட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் நல்லதாம். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் விளாதிமிர் ப்ரோப் 1963-இல் ரஷ்ய வேளாண் விழாக்களைப் பற்றி எழுதியபோது கிட்டத்தட்ட இந்த இடத்தைத்தான் பிடித்தார்: பொம்மையைச் சிரித்துக்கொண்டே அடக்கம் செய்வதும், எரித்தோ கிழித்தோ எச்சத்தை வயலில் இறைப்பதும் மண்ணுக்கு வளம் ஏற்றும் சடங்கு என்பது அவர் வாதம். தாத்தாவிடம் சொன்னேன். சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது, இதற்குப் பேராசிரியர் எதற்கு என்றார்.

ஞாயிறு மாலை மன்னிப்பு ஞாயிறு. பாட்டி தேவாலயத்தில் வழிபாடு முடித்து வந்து ஒவ்வொருவரிடமாக, "என்னை மன்னித்துவிடு" என்றார். "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்" என்பது பதில். எனக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாரம் முழுக்கப் பொம்மைக்காகத் திட்டியதற்குத் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டார். பொம்மையை எரித்ததற்கு அவரும் கேட்டார். அடுத்த ஆண்டும் திட்டும் உண்டு, பொம்மையும் உண்டு என்பது இருவருக்கும் தெரியும். நடுத்தண்டுக்கு என்று ஒரு ஸ்புரூஸ் கழியைத் தாத்தா ஏற்கெனவே கொட்டகை உத்தரத்தில் ஏற்றிவைத்துவிட்டார். தேனீக்காரரிடம் ரை இரண்டு பாத்தி கூடுதலாக விதைக்கச் சொல்லியும் ஆயிற்று.

நோன்பு தொடங்கிவிட்டதால் வீட்டில் மிஞ்சிய வெண்ணெயும் பிளினியும் நோன்பில்லாத என் பையில் ஏறின. அதற்கும் ஒரு செய்முறைக் குறிப்பு: பிளினியை நான்காக மடித்து, இடையில் காகிதம் வைத்து உறைபெட்டியில் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும். எடுத்ததும் மைக்ரோவேவில் வைத்தால் தோலாகிவிடும். கொஞ்சம் வெண்ணெயோடு மூடிய வாணலியில், மிகச் சிறு தீயில், இருபக்கமும் திருப்பிச் சூடாக்க வேண்டும்.